எதிர்ச்சொல்: ஆசிரியர் – மாணவி காதல் கதையின் வரலாறு பற்றி

அமெரிக்கப் புத்தகக் கடைகளில் 'யங் அடல்ட்' என்று ஓர் அலமாரி இருக்கிறது. பதின்வயதினருக்கென்று எழுதப்படும் நாவல்கள் அதில் இருக்கும். 1957இல் அமெரிக்க நூலகச் சங்கம் இந்த வயசுக்காரர்களுக்குத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. பிறகு இது ஓர் இலக்கிய வகைமையாகி, பெரிய சந்தையாகவும் ஆகிவிட்டது. அந்த அலமாரியில் ஒரு கதை திரும்பத் திரும்ப வருகிறது. பள்ளி இறுதி வகுப்பை நெருங்கும் ஒரு பெண்ணும் ஓர் இளம் வாத்தியாரும் பள்ளிக்கு வெளியே, ஒருவரையொருவர் இன்னார் என்று தெரியாமல் சந்தித்துப் பிடித்துப்போய்விடுகிறார்கள். சில நாள் கழித்து வகுப்பறைக் கதவைத் திறந்தால் கரும்பலகைக்கு முன்னால் அவன் நிற்கிறான். சாரா ஷெப்பர்டின் 'பிரிட்டி லிட்டில் லையர்ஸ்' (2006) இப்படித்தான் தொடங்குகிறது. அதன் தொலைக்காட்சி வடிவம் 2010 முதல் 2017 வரை ஓடி, கடைசி அத்தியாயத்தில் அந்த ஆசிரியனுக்கும் மாணவிக்கும் கல்யாணம் செய்துவைத்தது. காலீன் ஹூவரின் 'ஸ்லாம்ட்' (2012) நாவலிலும் இதே சந்திப்புதான். அவளுக்கு 18, அவனுக்கு 21. சட்டத்தின் விளிம்பில் கவனமாக நிறுத்திவைக்கப்பட்ட வயசுகள்.

தெரியாமல் சந்திப்பது என்கிற இந்த உத்தி சாதாரணமானதில்லை. முதலில் இருவரையும் சமமானவர்களாக நிறுத்துகிறது. வகுப்பறை பின்னால் வந்து சேர்ந்த ஒரு விபத்து ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் தடையெல்லாம் வெளியிலிருந்து வருவது: தலைமையாசிரியர், பெற்றோர், சட்டம், ஊர்ப்பேச்சு. வாசிக்கிற பெண் காதலர் பக்கம் நின்று தடையை எதிர்க்கத் தயாராகிவிடுகிறாள். யார் மதிப்பெண் போடுகிறார், யார் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறார், யார் சொன்னால் பள்ளி நம்பும் என்ற கேள்விகள் பிரதிக்குள் நுழையவே இடமில்லை. 'தடைசெய்யப்பட்ட காதல்' என்கிற சொல்லாடல், தடையைப் பார்க்கச் சொல்லி அதிகாரத்தை மறைக்கிறது.

இந்தக் கதைக்கு வயசு ஏறக்குறைய 900 வருஷம். அதன் மிகப் பழைய ஐரோப்பிய ஆவணத்தில் ஆசிரியர் தான் செய்ததை மறைக்கவில்லை. மாணவியும் பதில் எழுதியிருக்கிறார். பின்னால் வந்த இலக்கியத்தின் பெரும் பகுதி இந்த இரண்டையும் புதைக்கும் வேலையைத்தான் செய்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதுதான்.

அதற்கு முன் தொல்காப்பியத்துக்கு ஒரு நிமிஷம் போகவேண்டியிருக்கிறது. எம்.ஏ. வகுப்பில் கைக்கிளையை 'ஒருதலைக் காமம்' என்று ஒரு வரியில் விளக்கி நகர்வது வழக்கம். ஆனால் அகத்திணையியல் சொல்வது அதைவிடக் கூர்மையானது. காமம் இன்னும் நிரம்பாத இளம்பெண்ணிடம் ஒருவன் தன் துயரத்தைப் பேசிக்கொண்டே போகிறான். அவளிடமிருந்து பதில் வருவதில்லை. அந்தப் பேச்சிலேயே அவன் இன்பம் காண்கிறான். அதாவது, உணர்ச்சியைவிடப் பேச்சின் அமைப்பை வைத்துத்தான் கைக்கிளை வரையறுக்கப்படுகிறது: எதிர்ச்சொல் இல்லாத பேச்சு. அன்பின் ஐந்திணைக்கு ஒத்த தலைவனும் தலைவியும் வேண்டும். மெய்ப்பாட்டியல் பத்து வகை ஒப்புகளைச் சொல்லும்போது வயதையும் அதில் சேர்க்கிறது. ஆனால் களவியலில் ஒரு சலுகை இருக்கிறது. தலைவன் உயர்ந்தவனாக இருந்தால் குற்றமில்லை. தலைவிக்கு அந்தச் சலுகை தரப்படவில்லை. இந்த ஒரு சலுகையின் இடைவெளியில்தான் உலகத்து வாத்தியார் நாயகர்கள் எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பாரிஸ். பீட்டர் அபெலார் (1079–1142) தர்க்கத்தில் தனக்கு நிகரில்லை என்று பேர் எடுத்தவர், நோத்ர்தாம் பள்ளியின் ஆசிரியர். அந்தத் தேவாலயத்தைச் சேர்ந்த ஃபுல்பேர் என்பவரின் மருமகள் எலோயீஸ், கல்வியால் அப்போதே அறியப்பட்டிருந்தவர். அவருக்குப் பதினேழு வயசு என்று பிற்காலத்தார் சொல்லிவந்தார்கள். அபெலாரின் பிரதியில் வயசு எண்ணாக இல்லை. அந்த எண் பிற்கால ஆசையின் கண்டுபிடிப்பு.

1132 வாக்கில், ஒரு நண்பருக்கு எழுதும் கடிதம் என்ற வடிவில், அபெலார் தன் துன்பங்களின் வரலாற்றை லத்தீனில் எழுதினார். அதில் அவர் சொல்வது காதல் கதை மாதிரியே இல்லை. எலோயீஸைத் தேர்ந்தெடுத்தது திட்டமிட்டு. ஃபுல்பேரின் வீட்டில் தங்க ஏற்பாடு செய்துகொண்டதும் திட்டமிட்டு. மருமகள் இலவசமாகப் படிப்பாள் என்ற ஆசையில் ஃபுல்பேர் அவளை முழுவதுமாக ஒப்படைத்தார், தேவைப்பட்டால் அடிக்கும் உரிமையோடு. பசித்த ஓநாயிடம் ஆட்டுக்குட்டியை ஒப்படைத்த கதை என்று அபெலாரே ஃபுல்பேரின் அப்பாவித்தனத்தைப் பார்த்து வியக்கிறார். பின்னால் எலோயீஸுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், அவர் விருப்பமில்லாமல் மறுத்த வேளைகளில் மிரட்டியும் அடித்தும் இணங்கவைத்ததையும் எழுதியிருக்கிறார். கர்ப்பம், குழந்தை, ரகசியக் கல்யாணம், ஃபுல்பேரின் ஆட்கள் அபெலாரை ஆண்மையிழக்கச் செய்தது, இருவரும் துறவு மடங்களுக்குப் போனது – மிச்சக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இந்தக் கடிதம் எலோயீஸின் கையில் வந்து சேர்கிறது. அவர் எழுதிய பதில்தான் இந்த வகைமையின் முதல் விமர்சனக் கட்டுரை என்று நான் சொல்வேன். என்னைப் பற்றி யாரோ ஒரு நண்பருக்கு எழுதுகிறீர்கள், மடத்துக்கு வந்தபின் எனக்கு ஒரு வரி எழுதவில்லையே என்று கேட்கிறார். அதற்கான காரணத்தையும் அவரே சொல்லிவிடுகிறார்: உங்களை என்னோடு கட்டிவைத்தது நட்பாக இருக்கவில்லை, ஆசைதான், ஆசை முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது. இது தன் ஊகம் மட்டுமில்லை, ஊரே இப்படித்தான் நினைக்கிறது என்றும் சேர்த்துக்கொள்கிறார். கடவுளுக்காகத் தான் துறவு பூணவில்லை, உங்கள் கட்டளைக்காகத்தான் பூண்டேன் என்கிறார். தனக்கு முன்னால் அவரைத் துறவு ஏற்க வைத்ததில் இருந்த அவநம்பிக்கையும் அவருக்கு உறுத்துகிறது.

ஆனால் இதே எலோயீஸ் தன் ஆசையை மறுக்கவும் இல்லை. மனைவி என்ற பெயரைவிட வைப்பாட்டி என்ற பெயர் தனக்கு இனிமையானது என்கிறார். பூசை நேரத்தில்கூடப் பழைய இன்பங்கள் நினைவில் வருகின்றன, வருந்த மனமில்லை என்கிறார். இங்கேதான் நம் வாசிப்பு தடுமாறுகிறது. பலியானவள் என்றால் ஆசை இருக்கக்கூடாது, ஆசை இருந்தால் பலியானவள் இல்லை என்று இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். எலோயீஸ் இரண்டிலும் அடங்கமாட்டார். அவர் ஆசைப்பட்டார், அவர் அடிக்கப்பட்டார். இரண்டும் ஒரே வீட்டில், ஒரே பாடவேளையில் நடந்தன.

இதைப் பின்வந்த இலக்கியம் என்ன செய்தது? 1717இல் அலெக்சாண்டர் போப் எலோயீஸின் பெயரில் ஓர் ஆங்கிலக் கவிதை எழுதினார். 1761இல் ரூசோவின் 'ஜூலி, அல்லது புதிய எலோயீஸ்' வந்தது. வீட்டு வாத்தியார் சென்-ப்ரூவுக்கும் பிரபுவின் மகள் ஜூலிக்கும் காதல். ஐரோப்பாவே அழுது தீர்த்த நாவல். இங்கே இடம்பெயர்ந்தது என்ன என்று பாருங்கள். ரூசோவின் வாத்தியார் ஏழை, அந்தஸ்து இல்லாதவர். தடையாக நிற்பது ஜூலியின் தந்தையும் அவருடைய வர்க்கத் திமிரும். அந்தத் திமிர் உண்மைதான், அதை ரூசோ எதிர்த்ததும் சரிதான். ஆனால் அந்த ஒரே அசைவில் ஆசிரியன் ஒடுக்கப்பட்டவனாகிவிட்டான், தடை பிரபுத்துவத்தின் அடையாளமாகிவிட்டது, ஓநாய் காணாமல் போய்விட்டது. 1817இல் அபெலார், எலோயீஸ் இருவருடையவை என்று கருதப்பட்ட எச்சங்களைப் பாரிஸின் பேர் லஷேஸ் கல்லறைக்குக் கொண்டுவந்து பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். காதலர்கள் கடிதம் வைத்துப் போகும் இடமானது அது. அடித்ததை எழுதியவரும், அதற்குப் பதில் எழுதியவரும் சேர்ந்து ஒரு சுற்றுலாத் தலமானார்கள்.

மாணவியின் பக்கத்திலிருந்து இந்தக் கதை நாவலாக வர ஷார்லட் பிராண்டே வரை காத்திருக்கவேண்டியிருந்தது. 1842இல் அவர் பிரஸ்ஸல்ஸ் போய், கான்ஸ்டன்டின் ஹெகரிடம் படித்தார். பிறகு அங்கேயே ஆசிரியையாகவும் இருந்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து தாண்டியிருந்தது, சிறுமி இல்லை. ஹெகர் மணமானவர், அந்தப் பள்ளியை நடத்தியவர் அவருடைய மனைவி. 1844 தொடக்கத்தில் ஊர் திரும்பிய ஷார்லட் ஹெகருக்குப் பிரெஞ்சில் கடிதங்கள் எழுதினார். அவற்றில் நான்கு மிஞ்சியிருக்கின்றன. சிலவற்றைக் கிழித்துப்போட்டிருக்கிறார்கள், பிறகு துண்டுகளைப் பொறுக்கி நூலால் தைத்திருக்கிறார்கள். தைத்தது ஹெகரின் மனைவி என்று சொல்லப்படுகிறது. கடைசிக் கடிதத்தின் ஓரத்தில் ஹெகர் ஒரு செருப்புத் தைப்பவரின் விலாசத்தைக் குறித்துவைத்திருக்கிறார். 1913இல் குடும்பத்தார் கடிதங்களைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். இங்கே கைக்கிளை தலைகீழாகிறது. பேசுகிறவள் மாணவி, பதில் சொல்லாதவர் ஆசிரியர். ஆனாலும் அதிகாரம் இடம் மாறவில்லை. பதில் சொல்லாமல் இருக்கமுடிவதும் அதிகாரம்தான்.

இந்த அனுபவத்தை அவர் புனைவாக்கிய வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதலில் எழுதிய 'தி புரொபசர்' நாவலில் கதை சொல்பவன் ஆசிரியன். அவன் தன் மாணவியை மணக்கிறான். பதிப்பாளர்கள் திருப்பியனுப்பிய அந்த நாவல், அவர் இறந்தபிறகு 1857இல்தான் அச்சானது. இதற்கிடையில் 1853இல் வந்த 'வில்லெட்' அதே பிரஸ்ஸல்ஸ், அதே மாதிரிப் பள்ளி. ஆனால் கதை சொல்பவள் லூசி ஸ்னோ என்ற பெண். ஆசிரியர் பால் கடல் கடந்து போகிறார். அவர் ஏற்பாடு செய்துகொடுத்த பள்ளியை அவள் தனியாக நடத்துகிறாள். அந்த மூன்று வருஷமும் தன் வாழ்க்கையின் மிக மகிழ்ச்சியான காலம் என்கிறாள். முடிவில் புயல். கல்யாணம் உண்டா இல்லையா என்பதை லூசி வாசகரிடமே விட்டுவிடுகிறாள். தன்மை ஆசிரியனிடமிருந்து மாணவிக்கு மாறியதும் கதையின் முடிவே மாறுகிறது.

இனி பிரான்ஸ். சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு இந்த இடம் சங்கடமானது, ஏனென்றால் இதில் நம்முடைய ஆதர்சங்கள் வருகிறார்கள். மார்சேய் நகரத்தில் கப்ரியேல் ருஸ்ஸியே என்ற இலக்கிய ஆசிரியைக்கும் பதினாறு, பதினேழு வயசு மாணவன் ஒருவனுக்கும் 1968இல் உறவு ஏற்பட்டது. பெற்றோர் புகார் கொடுத்தார்கள். ஆசிரியை சிறைவைக்கப்பட்டார், மாணவன் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டான். 1969 ஜூலையில் ஒரு வருஷம் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும் 500 பிராங்க் அபராதமும் கிடைத்தன. அது போதாது என்று அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. செப்டம்பர் 1ஆம் தேதி அவர் தற்கொலை செய்துகொண்டார். 1971இல் ஆந்த்ரே கயாத் இதைப் படமாக்கினார். அரசின் குரூரம் இதில் சந்தேகத்துக்கு இடமில்லாதது. ஆனால் அந்த மரணத்தின் வெளிச்சத்தில் சட்டம் மட்டுமே வில்லனாகத் தெரிந்தது. மாணவன் பிறகு அதிகம் பேசவில்லை.

1977 ஜனவரியில், பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட சிறாரிடம் பாலியல் குற்றம் செய்ததாக விசாரணைக் கைதிகளாக இருந்த மூன்று ஆண்களுக்கு ஆதரவாக 'லெ மோந்த்' பத்திரிகையில் ஓர் அறிக்கை வந்தது. சார்த்தர், சிமோன் தி போவா, பார்த், தெல்யூஸ் கையெழுத்திட்டிருந்தார்கள். தடையை எதிர்ப்பதே விடுதலை என்ற சமன்பாடு போய் நின்ற இடம் அது.

சிமோன் தி போவாவே பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ரூவான் நகரத்தில் அவரிடம் படித்த ஓல்கா கோசாகிவிச்சோடு அவருக்கும் சார்த்தருக்கும் இருந்த மூவர் உறவிலிருந்து பிறந்ததுதான் அவருடைய முதல் நாவல் 'விருந்தாளி' (1943). ஓல்காவுக்கே சமர்ப்பணம் செய்யப்பட்ட அந்த நாவலின் கடைசியில், ஓல்காவின் சாயலில் உருவான இளம்பெண்ணை மூத்தவள் வாயுவைத் திறந்துவிட்டுக் கொல்கிறாள். அதே 1943இல் இன்னொரு மாணவியின் தாய் கொடுத்த புகாரால் போவா வேலையை இழந்தார். அப்போது பிரான்ஸ் நாஜி ஆக்கிரமிப்பில் இருந்தது. விஷி அரசாங்கத்தின் ஒழுக்கவாதத்துக்குப் பலியானவர் அவர் என்றே நீண்ட நாள் இதை வாசித்தோம். அந்த வாசிப்பில் ஓரளவு உண்மை இருக்கிறது.

ஆனால் 1930களின் கடைசியில் பாரிஸில் அவருடைய மாணவியாக இருந்தவர் பியாங்கா லாம்ளின். பதினேழு வயதில் ஆசிரியையோடும் பிறகு சார்த்தரோடும் உறவு. 1940இல் இருவராலும் கைவிடப்படுதல். யூதப் பெண்ணான அவர் ஆக்கிரமிப்புக் காலத்தைத் தலைமறைவாகக் கடந்தார். 1990இல், போவா இறந்து நான்கு வருஷம் கழித்து, சார்த்தருக்கு அவர் எழுதிய கடிதங்கள் அச்சில் வந்தன. வேறொரு பெயரில் தன்னை அவற்றில் சந்தித்தார் லாம்ளின். காதலி என்று தன்னிடம் பேசியவர், மற்றவரிடம் தன்னைப் பற்றிக் கேலியும் எரிச்சலுமாக எழுதியிருந்ததைப் படித்தார். 1993இல், எழுபது வயது கடந்தபின், தன் நினைவுக் குறிப்பை வெளியிட்டார். எட்டு நூற்றாண்டு இடைவெளியில் அதே காட்சி: ஆசிரியர் மூன்றாம் நபருக்கு எழுதிய கடிதம் மாணவியின் கையில் கிடைக்கிறது, மாணவி பதில் எழுதுகிறார். 'இரண்டாம் பாலினம்' எழுதியவர் என்பதால் இந்தப் பதிலை நாம் படிக்காமல் இருக்கமுடியாது. இந்தப் பதிலைப் படித்தோம் என்பதால் 'இரண்டாம் பாலின'த்தைத் தூக்கியெறியவும் முடியாது.

இப்போது அந்த அலமாரிக்குத் திரும்பலாம். அங்கே எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. பேரி லைகாவின் 'பாய் டாய்' (2007) ஆசிரியையிடம் பன்னிரண்டு வயதில் சிக்கிய ஒரு பையனின் கதை. பதினெட்டு வயதில் அவன் சொல்கிறான். தான்தான் தப்பு செய்தவன் என்று அதுவரை நம்பிக்கொண்டிருக்கிறான். ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் அதிர்ஷ்டம் என்ற பேச்சை அது நேராக எதிர்கொள்கிறது. கேட் எலிசபெத் ரஸ்ஸலின் 'மை டார்க் வெனெஸ்ஸா' (2020) பெரியவர்களுக்கான நாவல். ஆனால் இந்த வகைமை முழுவதையும் உள்ளிருந்து விசாரிக்கிறது. பதினைந்து வயது வெனெஸ்ஸாவுக்கு நாற்பத்திரண்டு வயது இங்கிலீஷ் வாத்தியார் கொடுக்கும் புத்தகங்களில் ஒன்று நபக்கவின் 'லோலிட்டா'. வளர்ந்தபிறகும், அது காதல்தான் என்று அவள் பிடிவாதமாகச் சொல்கிறாள். பலியானவள் என்ற சொல்லை ஏற்றுக்கொண்டால் தன் இளமை முழுவதையும் இழக்கவேண்டியிருக்கும் என்பது அவளுடைய பயம். எலோயீஸுக்குப் பிறகு ஆசையையும் அடியையும் ஒரே குரலில் வைத்துக்கொண்ட பிரதி இது.

ஒன்று கவனித்தீர்களா? 'பிரிட்டி லிட்டில் லையர்ஸ்' ஆசிரியன் சொல்லித்தருவது இலக்கியம். 'ஸ்லாம்ட்' ஆசிரியன் கவிதை. வெனெஸ்ஸாவின் ஆசிரியர் இலக்கியம். ருஸ்ஸியே, ஹெகர் எல்லோரும் அதே துறை. கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கதையில் இடமே இல்லை. 'நீ மற்றவர்களைப் போல இல்லை, உனக்குள் ஒரு எழுத்தாளர் இருக்கிறாள்' என்று சொல்லும் வாய்ப்பு இலக்கிய ஆசிரியனுக்கே அதிகம். பாராட்டுக்கும் வலைக்கும் ஒரே மொழிதான். இலக்கியத்தைப் புனிதமாக்கி வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்கள் அந்த மொழியை இரவல் கொடுத்தவர்கள்.

இது ஒழுக்கப் போலீஸ் வேலை என்று தோழர்கள் சிலர் சொல்லக்கூடும். நியாயமான சந்தேகம்தான். நம் ஊரில் 'தடை' என்றாலே சாதியும் குடும்பமும்தான் முன்னால் நிற்கின்றன. 2012இல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழ் சம்மதம் என்பதையே கணக்கில் எடுப்பதில்லை. கல்விக்கூடத்துப் பணியாளர் குற்றவாளியானால் அதைக் கூடுதல் கடுமையோடு பார்க்கிறது. அதே சட்டத்தைச் சாதி மாறிக் காதலிக்கும் பதினேழு வயசுப் பிள்ளைகள்மேல் பெற்றோர் ஏவுவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் இரண்டு தடைகளும் ஒன்றல்ல. ஒரு தடை, பெண் யாருக்குச் சொந்தம் என்பதைக் காவல் காக்கிறது. இன்னொன்று, யார் கையில் மதிப்பெண் பட்டியல் இருக்கிறது என்று கேட்கிறது. மனு சொல்லும் மகாபாதகங்களில் குருவின் படுக்கையை மாணவன் தீண்டுவது ஒன்று. குரு மாணவியைத் தீண்டுவது அந்தப் பட்டியலில் இல்லை. மாணவி என்று ஒருத்தியே அந்த உலகத்தில் கற்பனை செய்யப்படவில்லை. முதல் வகைத் தடையை உடைக்கவேண்டும் என்பதற்காக இரண்டாவது வகைக் கேள்வியையும் சேர்த்து உடைப்பது, ரூசோ தொடங்கிவைத்த பழைய குழப்பம்.

எழுதாதே என்று யாருக்கும் நான் சொல்லவில்லை. இந்த உறவைப் பற்றித் தமிழிலும் இளையோருக்கான நாவல்கள் வரத்தான் வேண்டும். வரும்போது தெரியாமல் சந்தித்த இடத்திலிருந்து தொடங்காமல், வருகைப் பதிவேட்டிலிருந்து தொடங்கட்டும். 2021இல் சென்னைப் பள்ளிகளின் முன்னாள் மாணவிகள் தங்கள் ஆசிரியர்கள் பற்றி வெளிப்படையாக எழுதத் தொடங்கினார்கள். கைதுகளும் விசாரணைகளும் நடந்தன. அந்தப் பதிவுகளை நாம் வழக்கு ஆவணங்களாக மட்டுமே வாசித்தோம். பள்ளிப் பருவத்து வகுப்பறையை வளர்ந்தபின் திரும்பப் பார்த்து எழுதிய உரைநடை அது. யாருக்குச் சொல்கிறோம், எந்தச் சொல்லால் சொல்கிறோம் என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் தயங்கித் தயங்கி நகர்ந்த உரைநடை. எலோயீஸின் முதல் கடிதமும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். தமிழில் இந்தக் கதையை எழுத உட்காருகிறவர் முதலில் படிக்கவேண்டிய பாடம் அங்கே இருக்கிறது.